சந்தா யார் பேரில் இருக்க வேண்டும்?

கேள்வி: அக்கா, வணக்கம்ங்க. ஈரோட்டில் தனியாக வெப்சைட் வேலை செய்கிறேன். மஞ்சள் வியாபாரி, சென்னிமலை போர்வைக் கடை, திருப்பூரில் குழந்தைகள் பனியன், பவானி ஜமக்காளம் என்று பதினொரு பேருக்கு வூகாமர்ஸ் என்ற மென்பொருளில் ஆன்லைன் கடை போட்டுக் கொடுத்திருக்கிறேன். கடைக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் வருஷச் சந்தாவில் என் கணக்கில், என் கார்டில் வாங்கினேன். வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பேசிவிட்டேன். இப்போது டாலரும் ஏறுகிறது, எக்ஸ்டென்ஷன் விலையும் ஏறுகிறது. ரின்யூவல் பாதி நேரம் பேங்க்கிலேயே திரும்பிவிடுகிறது. கஸ்டமரிடம் கேட்டால், “போன வருஷமே வாங்கியாச்சுங்களே, மறுபடியும் எதுக்குங்க?” என்கிறார்கள். கட்டாமல் விட்டால் கடை நின்றுவிடுமா? எக்ஸ்டென்ஷன்களை மறுவிற்பனை செய்யும் ஜிபிஎல் சைட்டுகளில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும் என்கிறான் நண்பன். இதற்கு நடுவில் ஜமக்காளக்காரர் வேறு ஆளிடம் போகிறார், “லைசென்ஸ் எல்லாம் குடுத்துருங்க” என்கிறார். என்ன செய்யட்டுங்க?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகர், ஈரோடு)

பதில்:

தம்பி, ஐந்தாறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் ஒரே இடத்தில்தான் சிக்கியிருக்கிறது. ஒரு கடை ஓட எந்த எக்ஸ்டென்ஷன் வேண்டுமோ, அதன் சந்தா அந்தக் கடைக்காரர் பேரில், அவர் ஈமெயிலில், அவர் காசில் இருக்க வேண்டும். உங்கள் பேரில் இருக்கக் கூடாது. தறிக்குடோனில் ஈபி சர்வீஸ் முதலாளி பேரில்தானே இருக்கிறது? ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியன் தன் பேரில் கனெக்‌ஷன் வாங்கி, பில்லையும் தானே கட்டிக்கொண்டு வந்தால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? பதினொரு கடைக்கு நீங்கள் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

நல்ல மனசில்தான் செய்திருக்கிறீர்கள், தெரிகிறது. கஸ்டமருக்குத் தொல்லை வேண்டாம், நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஆரம்பிக்கிற பழக்கம் இது. ஆனால் உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போய், அந்த ஒரு மெயில் கணக்கும் லாக் ஆகிவிட்டால், பதினொரு குடும்பத்தின் வியாபாரம் உங்கள் ஓடிபிக்காகக் காத்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. வூகாமர்ஸ் மார்க்கெட்பிளேஸில் (அவர்களே நடத்தும் விற்பனைத் தளம்) வாங்கியவை என்றால், கடைகளை உங்கள் கணக்கோடுதான் கனெக்ட் செய்திருப்பீர்கள். மஞ்சள்காரர் கடையின் அட்மினுக்குள் போய் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் சந்தாப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அவருடையது மட்டும் இருக்காது. உங்கள் கணக்கில் வாங்கிய எல்லாமே அங்கே வரிசையாக நிற்கும். திருப்பூர்க்காரருக்கு என்ன வாங்கினீர்கள், எது எப்போது முடிகிறது என்பதெல்லாம் மஞ்சள்காரர் கண்ணில் படும். தொழிலில் அது நல்லதில்லை.

கட்டாமல் விட்டால் கடை நிற்குமா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் நிற்காது. வூகாமர்ஸுக்கு அடித்தளமான வேர்ட்பிரஸும், வூகாமர்ஸும் ஜிபிஎல் உரிமத்தில் வருபவை; யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், மறுபடி கொடுக்கலாம் என்கிற திறந்த உரிமம் அது. வூகாமர்ஸ் மார்க்கெட்பிளேஸில் விற்கும் எக்ஸ்டென்ஷன்களும் அப்படித்தான். சந்தா முடிந்தாலும் நிறுவிய பதிப்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும். நின்றுபோவது இரண்டு: புது அப்டேட்டும், விற்றவரிடம் உதவி கேட்கும் உரிமையும். விற்றவரின் சர்வரை நம்பி ஓடுபவை வேறு ரகம். கொரியர் கட்டணத்தை அவ்வப்போது கேட்டு வாங்குவது, மெயில் அனுப்புவது போன்றவற்றில் காசு நின்றால் சேவையும் நின்றுவிடும். ஷாப்பிஃபை என்ற இன்னொரு ஆன்லைன் கடைத் தளத்தின் ஆப்களும் அதே மாதிரி மாத வாடகைக் கணக்குதான். எனவே பதினொரு கடையிலும் எது எந்த ரகம் என்று முதலில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

நிற்காது என்றால் விட்டுவிடலாமே என்று தோன்றும். விடக் கூடாது. 2023 அக்டோபரில் வந்த வூகாமர்ஸ் 8.2 முதல் புதுக் கடைகளில் ஆர்டர்களைச் சேமிக்கும் முறையே மாறிவிட்டது. டேட்டாபேஸில் ஆர்டருக்கென்று தனி டேபிள்கள் வந்தன. அடுத்த மாதம் 8.3 பதிப்பில், புதுக் கடைகளுக்குப் புது மாதிரி செக்அவுட் பக்கம் (ஆர்டரை முடித்துக் காசு கட்டும் பக்கம்) இயல்பாக வந்தது. அதற்கு முன் எழுதிய எக்ஸ்டென்ஷனை அப்டேட் இல்லாமல் வைத்திருந்தால், ஒன்று புது வசதிக்கு மாற முடியாமல் கடை பழசிலேயே நிற்கும், இல்லாவிட்டால் மாறிய அன்றைக்கு இன்வாய்ஸ் நம்பர் குழம்பும். பாதுகாப்பு இதைவிடப் பெரிய விஷயம். வூகாமர்ஸ் பேமென்ட்ஸ் பிளகினில், யார் வேண்டுமானாலும் அட்மினாக உள்ளே நுழையக்கூடிய ஓட்டை ஒன்று 2023 மார்ச்சில் தெரியவந்தது. திருத்தம் அந்த மாதமே வெளியானது. ஜூலையில், அப்டேட் போடாமல் கிடந்த கடைகளைத் தேடித் தேடிக் கூட்டமாகத் தாக்கினார்கள். அது இலவச பிளகின். அதனால் அப்டேட் எல்லோருக்கும் கிடைத்தது. காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்டென்ஷனில் அப்படி ஒரு ஓட்டை வந்து, சந்தாவும் முடிந்திருந்தால், திருத்தம் உங்கள் கடைக்கு வந்தே சேராது.

இதைக் கஸ்டமரிடம் எப்படிச் சொல்வது? நம் பக்கத்து வியாபாரிகள் காசு விஷயத்தில் கறார்தான். ஆனால் கணக்கு புரிந்துவிட்டால் இழுத்தடிக்க மாட்டார்கள். நிட்டிங் மெஷினுக்கும் கம்ப்ரஸருக்கும் வருஷா வருஷம் ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்தம்) போடுகிறவர்கள்தானே. “ரின்யூவல் வந்துருச்சுங்க” என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு அது ஏதோ தண்டம் மாதிரி கேட்கும். நான் இப்படிச் சொல்வேன்: “அண்ணா, போன வருஷம் நீங்க வாங்குனது ஒரு வருஷத்து அப்டேட்டுங்க. சாமான் உங்களுதுதான், அது எங்கேயும் போயிராது. அதை எழுதுனவங்க மாசாமாசம் சரி பண்ணித் தர்றாங்க பாருங்க, அதுக்குத்தான் வருஷா வருஷம் காசு. கட்டலைன்னா இன்னைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. தீபாவளி ஆர்டர் ஓடிட்டிருக்கும்போது செக்அவுட் நின்னா, சரி பண்ணக் கேக்க ஆளிருக்காது.” பயமுறுத்த வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். இன்றைக்கே கடை மூடிவிடும் என்று சொல்லி வாங்கினால், ஒரு தடவை கட்டாமல் விட்டுப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அப்புறம் நீங்கள் சொல்வது எதையும் நம்ப மாட்டார்.

நண்பர் சொன்ன ஜிபிஎல் சைட் பக்கம் போக வேண்டாம். உரிமம் மறுவிற்பனையை அனுமதிக்கிறது என்பது சரி. ஆனால் எழுதியவரிடமிருந்து நேராக வராத ஜிப் பைலுக்குள் யார் என்ன சேர்த்தார்கள் என்பதை ஒவ்வொரு தடவையும் வரி வரியாகப் படித்துப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா? வாங்குகிறவர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கிடக்கும் இடம் அந்தக் கடை. மிச்சமாகிற காசு கடைக்காரருக்கு, ரிஸ்க் அவர் கஸ்டமருக்கு. எனக்கு அது ஒப்பவில்லை.

சரி, கணக்கை எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம். ஒவ்வொரு கடைக்கும் தனியாக ஒரு மெயில் முகவரி. முதலாளியின் சொந்த மெயில் வேண்டாம், அவர் அதைத் திறந்தே பார்க்க மாட்டார். மச்சான் பையன் மெயிலும் வேண்டாம், அவன் வேலை கிடைத்து பெங்களூர் போய்விடுவான். கடையின் டொமைனில் இருக்கும் மெயிலிலும் ஒரு சிக்கல் உண்டு. டொமைன் ரின்யூவல் தவறினால் மெயிலும் சேர்ந்து போய்விடும், அப்புறம் எதையும் மீட்க வழியிருக்காது. கடை பேரில் ஒரு ஜிமெயில் திறந்து, மீட்பு எண்ணாக முதலாளியின் போனைக் கொடுங்கள். ரின்யூவல் நினைவூட்டல் வந்தால் உங்களுக்கும் வருமாறு ஃபார்வேர்டு வைத்துக்கொள்ளுங்கள். டொமைன், ஹோஸ்டிங், எக்ஸ்டென்ஷன், பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் காசு வாங்கித் தரும் சேவை) எல்லாம் அந்த மெயிலில்தான். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, அவர் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்க் கடைகளுக்கு எனக்குத் தெரிந்து அதைவிட நம்பகமான இடம் இல்லை.

இனி பேங்க்கில் திரும்புவது. அது உங்கள் பேங்க்கின் கோளாறு இல்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி, 2021 அக்டோபர் 1 முதல் கார்டில் தானாகப் பிடிக்கிற எந்தத் தொகைக்கும் முன்கூட்டியே ஓடிபியோடு பதிவு செய்திருக்க வேண்டும், பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் தகவலும் வர வேண்டும். ஓடிபி இல்லாமல் பிடிக்கும் வரம்பு முதலில் 5,000 ரூபாயாக இருந்தது, 2022 ஜூனில் 15,000 ஆனது. இந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு விற்பனையாளர்களின் ஆட்டோ ரின்யூவல் நம் கார்டுகளில் திரும்பிவிடும். எனவே ஆட்டோ ரின்யூவலை நம்பி உட்காராதீர்கள். முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே முதலாளிக்குச் சொல்லி, ஒரு நாள் பகல் நேரமாகப் பார்த்துக் கடைக்கே போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கார்டில், அவர் போனுக்கு வரும் ஓடிபியை அவரையே அடிக்கச் சொல்லிக் கட்டுங்கள். கார்டு போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாக ஆஃப் ஆகத்தான் இருக்கும். பேங்க் ஆப்பில் போய் அதை ஆன் செய்த பிறகுதான் வேலை நடக்கும். டாலரில் கட்டினால் பேங்க் தன் மாற்றுக் கட்டணத்தையும் அதற்கு ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பிடிக்கும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்டேட்மென்ட்டில் கூடுதலாக வந்தால் அவர் உங்களைத்தான் கேட்பார்.

ஜிஎஸ்டியிலும் கடைக்காரர் பேரில் வாங்குவதுதான் அவருக்கு லாபம். வெளிநாட்டிலிருந்து வாங்கும் சேவைக்கு, ஜிஎஸ்டி பதிவுள்ளவர் ரிவர்ஸ் சார்ஜில் (விற்றவருக்குப் பதில் வாங்கியவரே வரி கட்டும் முறை) 18 சதவீத ஐஜிஎஸ்டி கட்டி, அதை இன்புட் கிரெடிட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இன்வாய்ஸில் அவர் கம்பெனி பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். உங்கள் பேரில் வாங்கியதை அவர் ஆடிட்டர் எந்தக் கணக்கில் எழுதுவார்? சில முதலாளிகளிடம் வெளிநாட்டில் செல்லும் கார்டே இருக்காது. அப்போது மட்டும், அவர் கணக்கில், அவர் பேரில் இன்வாய்ஸ் வருமாறு உங்கள் கார்டில் கட்டலாம், கட்டும் தொகையை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்ளலாம். ஜிஎஸ்டி விதி 33-இல் இதற்கு ‘பியூர் ஏஜென்ட்’ என்று ஏற்பாடு இருக்கிறது. அந்த விதியின் நிபந்தனைகளுக்குப் பொருந்தினால், அப்படி வாங்கிய பணம் உங்கள் சேவையின் மதிப்பில் சேராது. முன்பே எழுத்தில் ஒப்புதல் வேண்டும், ஒரு ரூபாய்கூட மேலே வைக்கக் கூடாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுச் செய்யுங்கள். பணத்தை முன்பே வாங்கிவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

சந்தாவில் ஒன்றும் வைக்காவிட்டால் உங்களுக்கு என்ன வருமானம் என்று கேட்பீர்கள். பராமரிப்புக்குத் தனிக் கட்டணம் போடுங்கள், தயங்க வேண்டாம். நீங்கள் செய்யும் வேலையே அதுதான். அப்டேட் பட்டனை அமுக்குவதற்கு ஒரு நிமிஷம் போதும். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதுதான் வேலை. பேக்அப் எடுத்து, கடையின் நகல் ஒன்றில் முதலில் அப்டேட் போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் டெஸ்ட் ஆர்டர். பனியன் கடை என்றால் 641601 பின்கோடுக்கு ஓர் ஆர்டர், 560001-க்கு ஓர் ஆர்டர். முதலாவது திருப்பூர், ஒரே மாநிலம் என்பதால் இன்வாய்ஸில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரிந்து வர வேண்டும். இரண்டாவது பெங்களூர், வேறு மாநிலம் என்பதால் ஐஜிஎஸ்டி என்று ஒன்றாக வர வேண்டும். சைஸ் மாற்றினால் விலை மாறுகிறதா, கேஷ் ஆன் டெலிவரி வரக் கூடாத பின்கோடில் வருகிறதா, முதலாளி போனுக்கு ஆர்டர் மெசேஜ் போகிறதா என்று பார்த்து, எல்லாம் சரியென்றால்தான் உண்மையான கடையில் கை வைக்க வேண்டும். இதைச் செய்ததை ஸ்கிரீன்ஷாட்டோடு மாதம் ஒருமுறை அனுப்புங்கள். கட்டணம் எதற்கு என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முந்தின வாரங்களில் பெரிய அப்டேட் எதையும் தொடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் விதிவிலக்கு.

பத்து, இருபத்தைந்து சைட்டுக்கு என்று மொத்தமாக லைசென்ஸ் விற்கிறார்களே, அதை வாங்கிப் பிரித்துக் கொடுக்கலாமா என்ற யோசனையும் உங்களுக்கு வரும். கஸ்டமர் சைட்டில் போட விற்பவரின் விதிமுறை அனுமதித்தால் தப்பில்லை. ஆனால் பேக்அப், சைட் விழுந்தால் தகவல் சொல்வது போன்ற உங்கள் வேலைக் கருவிகளோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்டரும் காசும் எதன் வழியாகப் போகிறதோ, அது கடைக்காரர் பேரில்தான். ஒரு சைட்டுக்கு வாங்கிய லைசென்ஸ் கீயை நான்கு சைட்டில் ஒட்டுவது கூடவே கூடாது.

இதையெல்லாம் மாற்றுவதற்கு முன் பட்டியலைக் குறைக்கப் பாருங்கள். நான் பார்த்த பல கடைகளில், யாரோ எப்போதோ கேட்டார்கள் என்று போட்ட எக்ஸ்டென்ஷன் பயன்படுத்தாமலே வருஷா வருஷம் காசு தின்றுகொண்டிருந்தது. முன்பு காசு கொடுத்து வாங்கிய சில வசதிகள் இப்போது வூகாமர்ஸுக்குள்ளேயே வந்துவிட்டன. பிராண்ட்ஸ் எக்ஸ்டென்ஷன் அப்படித்தான், 2025 ஜனவரியில் வந்த 9.6 பதிப்பில் சேர்ந்துவிட்டது. சைஸ், கலர் வாரியாக விலை வைக்க எந்தக் காலத்திலும் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுச் சரிவராவிட்டால் வூகாமர்ஸ் மார்க்கெட்பிளேஸில் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள்.

பதினொன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரு ஷீட் போடுங்கள்: கடை, எக்ஸ்டென்ஷன், எங்கே வாங்கியது, யார் கணக்கு, முடியும் தேதி, போன தடவை கட்டிய தொகை, இது நின்றால் என்ன நிற்கும். தேதி வாரியாக அடுக்கினால் எந்தக் கடையில் தொடங்குவது என்று தானே தெரிந்துவிடும். வூகாமர்ஸ் மார்க்கெட்பிளேஸில் ஒரு சந்தாவை இன்னொரு கணக்குக்கு மாற்றிக்கொடுக்க வழி இருக்கிறது. கடைக்காரர் தன் மெயிலுக்கு வரும் அழைப்பை அங்கே ஏற்க வேண்டும், அடுத்த ரின்யூவலுக்கு அவர் கார்டைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். மற்ற விற்பனையாளர்களுக்குச் சப்போர்ட்டில் எழுதிக் கேளுங்கள். முடியாது என்றால், இருக்கிற சந்தா முடியும் வரை ஓடட்டும், அடுத்ததைக் கடைக்காரர் கணக்கில் வாங்குங்கள். ஒரே தொகை பேசிய வருஷம் முடியும் வரை அந்தப் பேச்சைக் காப்பாற்றுங்கள், நஷ்டம் வந்தாலும் சரி. நடு வருஷத்தில் கூடக் கேட்டால் பேர் கெட்டுவிடும். அடுத்த வருஷத்துக் கொட்டேஷனில் சந்தா தனி, பராமரிப்பு தனி என்று இரண்டு வரியாகப் பிரித்துவிடுங்கள்.

கடைசியாக ஜமக்காளக்காரர். கொடுத்துவிடுங்கள், தம்பி. அவர் கொடுத்த வருஷத் தொகைக்குள்தான் அந்தச் சந்தாவும் இருந்தது. முடியும் தேதி வரை அது அவருடையது. பாக்கி ஏதாவது இருந்தால் தனியாக பில் போட்டுக் கேளுங்கள். கீயைப் பிடித்து வைத்துக்கொண்டு பாக்கி வசூலிப்பது அவர் பிழைப்பில் கை வைப்பது. பவானியில் நடந்தது சென்னிமலைக்குத் தெரிய ஒரு சந்தை நாள் போதும். இந்த மாதிரி எழுதி அனுப்புங்கள்:

“அண்ணா, வணக்கம்ங்க. உங்கள் கடையில் இருக்கும் எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலும் ஒவ்வொன்றும் முடியும் தேதியும் கீழே இருக்கிறதுங்க. மாற்றிக்கொடுக்க முடிந்தவற்றை உங்கள் கடை மெயிலுக்கு மாற்றிவிடுகிறேன். முடியாதவை முடியும் தேதி வரை இப்போது போலவே ஓடும், நான் எடுக்க மாட்டேனுங்க. அதற்கப்புறம் உங்கள் பேரில் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்க. டொமைன், ஹோஸ்டிங் விவரமும் கடைசி பேக்அப்பும் இதோடு இருக்கிறதுங்க. புதியவருக்கு ஏதாவது சந்தேகம் என்றால் இந்த மாதக் கடைசி வரை என்னைக் கூப்பிடலாம்.”

அனுப்பிவிட்டு, புதியவர் தன் அட்மின் கணக்கில் உள்ளே வந்துவிட்டாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வந்த பிறகு உங்கள் அட்மின் கணக்கை நீக்கச் சொல்லுங்கள், பேமென்ட் கேட்வே கீயையும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் நடந்ததா என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி பதில் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்தக் கடையில் ஏதாவது ஆகிவிட்டால், அப்போது உங்கள் கையில் சாவி இல்லை என்பதற்கு அதுதான் ஆதாரம்.